ஆமையும் தியாவும்

குழந்தைகளுக்கான கல்வி மென்பொருளும் ஒரு பிரதிதான்; அதற்குள் யார் பேசலாம் என்பதை வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதிவிடுகிறார். 1967இல் பிறந்த லோகோ மொழியில் பிறகு சேர்ந்த ஆமை, குழந்தை இட்ட கட்டளைப்படி நகர்ந்தது. தப்பாப் போனால் குழந்தையே கட்டளையை மாற்றிப் பார்த்தது. 2020இல் தமிழுக்கும் வந்த கூகுளின் ரீட் அலாங்கிலோ, தியா என்னும் சித்திரப்பெண் குழந்தை வாசிப்பதைக் கேட்டாள், திருத்தினாள், நட்சத்திரம் தந்தாள். கூட உட்கார்ந்து கேட்க ஆளில்லாத வீட்டில் அலுக்காத காது சின்ன விஷயமில்லை. ஆனால் கதையைக் குழந்தை தன்போக்கில் மாத்திச் சொன்னால் அங்கே அது பிழை. பிழை பற்றிய இந்தப் பார்வைதான் தொழிற்சாலையிலும். வல்லம் வடகாலில் செல்போன் பூட்டும் பெண்களுக்காக 2024இல் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. உற்பத்தி வரிசையில் பிசகாமல் திரும்பச் செய்வதே திறமை. கருவியைப் பூட்டும் கையையும் அதில் படிக்கும் வாயையும் ஒரே ஒழுங்குக்குப் பழக்கும் வடிவமைப்பைப் படைப்பு என்று சொல்ல மனசு வரலை.