ஒற்றை ஆள் அணி

மூன்று ஒலிம்பிக், மூன்றிலும் வெள்ளி. உலக சாம்பியன்ஷிப்பிலும் தங்கம் கிடையாது. மலேசிய பாட்மிண்டன் வீரர் லீ சோங் வெய் பெயரை எடுத்ததுமே இந்தக் கணக்கைத்தான் நீட்டுவார்கள். 'பெரிய மேடையில் பதறிவிடுவார்' என்ற முத்திரையும் கூடவே ஒட்டிக்கொண்டது. 2019 ஜூனில் அவர் ஓய்வை அறிவித்த பிறகும் அது உதிரவில்லை. ஆனால், ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது.

முதலில் இன்னொரு கணக்கு. உலகத் தரவரிசையில் முதலிடத்தில் மொத்தம் 349 வாரங்கள். அதில் 2008 ஆகஸ்ட் முதல் 2012 ஜூன் வரை இடைவெளியே இல்லாமல் 199 வாரங்கள். ஆல் இங்கிலாந்து பட்டம் நான்கு முறை. சொந்த ரசிகர்களின் எதிர்பார்ப்பு கழுத்தை நெரிக்கும் மலேசிய ஓப்பன் 12 முறை. பதற்றக்காரருக்கு இது சாத்தியமா?

அவருடைய ஆட்டத்தின் உயிர் கால்களில் இருந்தது. பின்கோட்டுக்கு ஷட்டிலைத் தூக்கினால் எம்பி ஸ்மாஷ் அடிப்பார். அதை எல்லோரும்தான் செய்கிறார்கள். லீயின் வித்தை அடுத்த நொடியில் இருக்கிறது. தரையிறங்கும்போதே உடல் வலையை நோக்கிச் சாய்ந்திருக்கும். எதிராளி ஸ்மாஷைத் தடுத்து வலையோரம் போடுவார். ஷட்டில் சரிந்து இறங்கும் முன்பே லீயின் ராக்கெட் அங்கே காத்திருக்கும். பிறகு மெல்லத் தட்டிவிட வேண்டியதுதான் பாக்கி. பயிற்சியாளர் மிஸ்பன் சிடெக் பட்டை தீட்டிய இந்த வேகத்துக்கு விலை உண்டு. அடிக்கு அடி தன் பக்கக் கோர்ட்டின் முழு நீளத்தையும் ஓடிக் கடக்கும் கால்களுக்கு ஓய்வு வேண்டும். அதுதான் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

சீனாவில் லின் டான் ஒதுங்கினால் சென் லாங் இருந்தார், சென் ஜின் இருந்தார், டு பெங்யு இருந்தார். மலேசிய ஒற்றையரில் லீக்கு அடுத்து லீதான். 2012 மே மாதம் வூஹானில் ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பை. டென்மார்க்கின் பீட்டர் கேடுக்கு எதிராக ஆடும்போது லீக்குக் கணுக்காலில் அடிபட்டது. லண்டன் ஒலிம்பிக் தொடங்க மூன்று மாதம்கூட இல்லை. அங்கே முதல் ஆட்டத்திலேயே பின்லாந்தின் வில்லே லாங் அவரை மூன்றாவது கேம் வரை இழுத்தடித்தார். அதிலிருந்து தேறி, அரையிறுதியில் சென் லாங்கை நேர் கேம்களில் சாய்த்து, இறுதிச்சுற்றில் லின் டானிடம் 21-15, 10-21, 19-21 என்று தோற்றார். கடைசி கேமில் இரண்டே புள்ளி வித்தியாசம்.

2013 குவாங்சோ உலக சாம்பியன்ஷிப்பில் நிலைமை இன்னும் அப்பட்டம். ஒலிம்பிக்குக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்வில் இருந்த லின் டான், வைல்டு கார்டு வாங்கிக்கொண்டு வந்தார். லீயோ வருடம் முழுக்க ஆடிவிட்டு, அரையிறுதியில் டு பெங்யுவோடு மூன்று கேம் மல்லுக்கட்டிவிட்டு வந்தார். மூன்றாவது கேமில் 17-20 என்றிருந்தபோது தசைப்பிடிப்பு. ஆட்டத்தைத் தொடர முடியவில்லை.

2016 ரியோவில் வரிசை மட்டும் மாறியது. அரையிறுதியில் லின் டானை 15-21, 21-11, 22-20 என்று ஒருவழியாக வென்றார். மறுநாள் இறுதிச்சுற்றில் எதிரே நின்றவர் சென் லாங், முந்தைய நாள் டென்மார்க்கின் ஆக்சல்சனை இரண்டே கேம்களில் முடித்துவிட்டு வந்தவர். 18-21, 18-21. ஒரு சீனரைத் தாண்டினால் இன்னொரு சீனர்.

எல்லாத் தோல்விக்கும் இதே சமாதானம் சொல்ல முடியாது. 2008 பெய்ஜிங் இறுதிச்சுற்றில் 12-21, 8-21 என்று நொறுங்கியதற்குச் சாக்குப்போக்கே இல்லை. லின் டானுடன் ஆடிய 40 ஆட்டங்களில் லீ வென்றது 12தான். இருவரில் யார் மேல் என்பதில் சந்தேகம் வேண்டாம். 2014 கோபன்ஹேகன் உலக சாம்பியன்ஷிப் வெள்ளி, தடைசெய்யப்பட்ட டெக்ஸாமெத்தசோன் மருந்து விவகாரத்தில் பறிபோனது. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டாலும், கவனக்குறைவுக்காக எட்டு மாதத் தடை விழுந்தது. அது அவர் கணக்கில்தான் வரும்.

ஆனாலும் 2014 தாமஸ் கோப்பை இறுதிச்சுற்றை மறக்கக் கூடாது. புதுடெல்லியில் ஜப்பானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கெனிச்சி டாகோவை லீ நேர் கேம்களில் வீழ்த்தினார். தன் பங்கைச் செய்துவிட்டு அவர் ஓரத்தில் உட்கார, மலேசியா 2-3 என்று கோப்பையைக் கோட்டைவிட்டது.

2018 ஜூலை 1 அன்று, 35 வயதில், மலேசிய ஓப்பன் இறுதிச்சுற்றில் ஜப்பானின் கென்டோ மொமோட்டாவை 21-17, 23-21 என்று வென்றார். அடுத்த மாதமே மொமோட்டா உலக சாம்பியன் ஆனார். லீக்கோ மூக்குப் புற்றுநோய் உறுதியானது. சிகிச்சை முடிந்து குணமானபோதும் உடல் பழைய ஆட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை. மொமோட்டாவை வென்ற அந்தப் பட்டமே கடைசிப் பட்டம்.

தங்கம் வெல்லாதது லீயின் குறை என்றால், அதில் பாதி மலேசிய பாட்மிண்டனின் குறை. பத்தாண்டுக்கு மேல் ஒரே ஆளை நம்பியிருந்த அணி, அவரைத் தேவையான நேரத்தில் ஓய்வெடுக்க விட்டிருக்க வேண்டும். அப்படி விடுவதற்கு இரண்டாவது ஆளை முதலில் வளர்த்திருக்க வேண்டும்.