கைவண்டிப் பயணமும் அதன் மறுநடிப்பும்

ஒரு சமூகம் தன் கடந்தகாலத்தை எவ்வாறு நினைவுகொள்கின்றது என்பதை அதன் வரலாற்று நூல்கள் முழுமையாகக் காட்டுவதில்லை. அச்சமூகம் தன் சிறுவர்க்கு எதனை நடித்துக்காட்டுகின்றது என்பதிலேயே அது தெளிவாகப் புலப்படும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் மோர்மன் குடும்பங்களிடையே வழங்கிவரும் முன்னோடிப் பயண மறுநடிப்பு, இவ்வகையில் ஆராயத்தக்கதோர் ஆற்றுகை வடிவமாகும்.

பிரிகம் யங் தலைமையில் மோர்மன் மக்களின் முதற் குழுவினர் சோல்ற் லேக் பள்ளத்தாக்கை 1847இல் அடைந்தனர். அவ்வாண்டு யூலை 24ஆந் திகதி அதன் நினைவுநாளாகக் கொள்ளப்படுகின்றது. மறுநடிப்பு இரு அளவுகளில் நிகழ்கின்றது. பெரிய அளவிலானது திருச்சபைப் பிரிவுகள் ஒழுங்குசெய்வது. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையிலானோர் செயற்கைக் ‘குடும்பங்களாக’ வகுக்கப்பட்டு, தந்தை, தாய் வேடந் தாங்கிய பெரியோருடன் சில நாட்கள் கைவண்டி இழுத்து நடப்பர். சிறிய அளவிலானது வீட்டைச் சேர்ந்தது. பெற்றோர் தம் சிறுவர்க்கு நீண்ட பாவாடையும் துணித்தொப்பியும் அணிவித்து, விளையாட்டு வண்டிக்கு வெள்ளைத் துணியாற் கூரையிட்டு, கொல்லைப்புறத்திலோ அயலிலுள்ள மலைப்பாதையிலோ அதனை இழுக்கச்செய்து, ஈற்றிற் சோளரொட்டி பகிர்ந்துண்பர்.

இச்சிறிய வடிவத்தை விளையாட்டென்று ஒதுக்குவது தவறு. அதில் ஓர் உண்மையான நாடகக் கணம் உண்டு. 1856இற் கைவண்டியுடன் புறப்பட்டோருள் வளர்ந்தவர் ஒருவருக்கு, படுக்கை உட்பட, 17 இறாத்தல் எடையே அனுமதிக்கப்பட்டது. சிறுவர்க்கு அதனினும் குறைவு. வீட்டிலுள்ள தராசில் தன் பொருள்களை வைத்து எதனை விடுவது எனத் தீர்மானிக்க நேரும் சிறுமி, போர்வைக்கும் பொம்மைக்கும் இடையில் நின்று தயங்கும்போது, எந்தப் பாடநூலும் தரவியலாத ஓர் அறிவைப் பெறுகின்றாள். வேடமணிதலும் பாட்டும் இதன் பக்கத்தில் வெறும் அலங்காரமே.

ஆயின், நடித்துக்காட்டப்படுவது எது என்பதே விமரிசனத்துக்குரியது. 1847இன் நினைவுநாளிற் பெரும்பாலும் இழுக்கப்படுவது 1856இன் கைவண்டி. 1869இற் புகைவண்டிப் பாதை இணைக்கப்படுமுன் மேற்கே சென்ற மோர்மன் குடியேறிகள் ஏறத்தாழ 70,000 பேர். அவருட் கைவண்டியுடன் சென்றோர் 3,000 பேரளவினரே. எஞ்சியோரிற் பெரும்பாலார் எருது பூட்டிய வண்டிகளுடன் சென்றனர். 1856 முதல் 1860 வரை புறப்பட்ட கைவண்டிக் குழுக்கள் பத்து. அவற்றுள்ளும் நினைவில் நிலைபெற்றவை பேரழிவுக்குள்ளான வில்லி, மார்ட்டின் என்னும் இரண்டுமே. சோல்ற் லேக் நகரின் ஆலயச் சதுக்கத்திலுள்ள கைவண்டிச் சிலையும் இத்தெரிவுக்கு உதவியிருக்கின்றது. தந்தை இழுக்க, தாய் உடன்செல்ல, மகன் பின்னின்று தள்ள, சிறுமி வண்டியில் அமர்ந்திருக்கும் அச்சிலையில் விதவைகளும் முதியோரும் தனித்துவந்த பெண்களும் இல்லை. உண்மைக் குழுக்களிலோ அவர்கள் பலராக இருந்தனர்.

பேரழிவைத் தெரிந்தெடுத்தல் குற்றமன்று. துன்பியல் எப்போதும் அதனையே செய்கின்றது. ஆனால் துன்பியலுக்குக் காரணம் வேண்டும். மறுநடிப்பு பனியையும் பசியையும் வைத்துக்கொண்டு காரணத்தை நீக்கிவிடுகின்றது. அக்காரணம் பதிவாகியுள்ளது. எருதும் பெருவண்டியும் வாங்கும் செலவைக் குறைக்கவே கைவண்டித் திட்டம் வகுக்கப்பட்டது. உலராத மரத்தாற் செய்யப்பட்ட வண்டிகள் வழியிற் பழுதாயின. தூசியால் தேய்ந்த அச்சுகளுக்குப் பூச, உண்பதற்கிருந்த பன்றியிறைச்சியும் சவர்க்காரமும் பயன்பட்ட கதையை ஜோன் சிஸ்லெற் எழுதியுள்ளார். வில்லி குழுவில் நடந்து, பின்னர் அச்சமயத்தை விட்டு நீங்கியவர் அவர். அதே ஆண்டிற் காலத்தோடு புறப்பட்ட மூன்று குழுக்கள் ஒக்டோபர் தொடக்கத்துக்குள் போய்ச்சேர்ந்தன. பிந்திய இரண்டும் ஓகஸ்ட் மாதத்திலேயே நெப்ராஸ்காவிலுள்ள புளோரன்சை அடைந்தன. மலைகள் இன்னும் நெடுந்தொலைவில் இருந்தன. தொடர்வதா, அங்கேயே குளிர்காலத்தைக் கழிப்பதா என்பது வெளிப்படையாகப் பேசப்பட்டது. பர்மாவிற் சமயப்பணி ஆற்றித் திரும்பிய லெவி சவேஜ் என்பார், முதியோரும் குழந்தைகளும் பனியில் மடிவர் எனக் கண்ணீருடன் எச்சரித்தார். அவர் சொல் எடுபடவில்லை. ஒக்டோபர் 19ஆந் திகதி வயோமிங்கிற் கடும்பனி தொடங்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேரில் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

புளோரன்ஸ் காட்சியை நீக்கியபின் எஞ்சுவது பொறுமையின் கதை மட்டுமே. மனிதர் எடுத்த தீர்மானமொன்று இயற்கை விதித்த சோதனையாக உருமாறுகின்றது. குழந்தை நடப்பதற்குக் கற்கின்றது. நடக்கச் சொன்னவர் யார் எனக் கேட்பதற்குக் கற்பதில்லை. மீட்பு வண்டிகள் அனுப்பப்பட்ட பெருந்தன்மை விரிவாகச் சொல்லப்படுகின்றது. அது உண்மையே. ஆனால் மீட்கவேண்டிய நிலை எவ்வாறு தோன்றியது என்பதும் அதே அளவு உண்மை.

பெரிய மறுநடிப்புகளில் இடம்பெறும் ‘பெண்கள் இழுவை’ இத்தகைய உருமாற்றத்துக்கு மற்றோர் எடுத்துக்காட்டு. இளைஞர் விலக்கி நிறுத்தப்பட, பெண்பிள்ளைகள் தனித்து வண்டியை மேட்டில் ஏற்றுவர். ஆண்கள் மோர்மன் படையணிக்குச் சென்றுவிட்டனர் என்பது இதற்குப் பலவிடங்களிற் கூறப்படும் விளக்கம். அப்படையணி 1846இல் திரட்டப்பட்டது. கைவண்டிகளோ பத்தாண்டுகள் பிந்தியவை. உணர்ச்சிச் செறிவுக்காக இரு காலங்கள் ஒன்றாக ஒட்டப்பட்டுள்ளன. புனைவில் இது குறையாகாது. வரலாறு என்று சிறுவரிடம் கொடுக்கும்போது குறையாகும். அவ்வாறே, ஷொஷோனி, யூட் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த நிலம், இந்நடிப்பில் யாருமற்ற வெளியாகவே காட்சியளிப்பதுண்டு.

இவ்விடத்திற் குடும்ப அளவிலான ஆற்றுகைக்குப் பெரியதற்கில்லாத ஒரு வாய்ப்பு இருக்கின்றது. நூற்றுக்கணக்கானோர் ஒரே தாளத்தில் நடக்கையிற் கேள்விக்கு இடமில்லை. நாலைந்து பேர் கொண்ட கொல்லைப்புற ஊர்வலத்தில், “இவ்வளவு பிந்தி ஏன் புறப்பட்டார்கள்?” என்று ஒரு சிறுவன் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்கலாம், தாய் விடைசொல்லியே ஆகவேண்டும். புளோரன்ஸ் காட்சிக்கு வண்டியும் வேண்டாம், தொப்பியும் வேண்டாம். வீட்டு முன்கூடத்திற் சில கதிரைகள் போதும். ஒருவர் குழுத்தலைவர் வில்லியாகவும் மற்றவர் களைத்துப்போன குடியேறிகளாகவும் அமரலாம். சவேஜாக நடிக்கும் பிள்ளையின் பங்கே கடினமானது. அவர் வேண்டாமென்று தனித்து நின்று சொன்னவர். பெரும்பான்மையோர் போவதென இசைந்ததும் தாமும் உடன்வருவதாகக் கூறி, இறுதிவரை அவர்களோடு சென்றவர்.