கைவேகமா, திட்டமா? நிகழ்நேர வியூக விளையாட்டுகள் குறித்த ஒரு விவாதம்

நிகழ்நேர வியூக விளையாட்டு என்பது ஆட்டக்காரர்கள் முறைவைத்து ஆடாமல், அனைவரும் ஒரே நேரத்தில் வளம் சேர்த்து, தளம் கட்டி, படை திரட்டிப் போரிடும் கணினி விளையாட்டு வகை. சதுரங்கத்தில் ஒருவர் யோசிக்கும்போது மற்றவர் காத்திருப்பார். இங்கே யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வெஸ்ட்வுட் நிறுவனம் உருவாக்கி 1992இல் வெளியான ‘டூன் 2’ இவ்வகையின் அடிப்படை வடிவத்தை வகுத்தது. 1998இல் பிளிஸார்ட் வெளியிட்ட ‘ஸ்டார்கிராஃப்ட்’ தென்கொரியாவில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் தொழில்முறைப் போட்டியாகவே வளர்ந்தது.

இவ்வகை மீது நெடுங்காலமாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. வியூகம் பெயரில் மட்டுமே இருக்கிறது, வெல்வது விரல் என்பது அது. வேகமாகச் சொடுக்கத் தெரிந்த பதினெட்டு வயதுக்காரர் நன்றாக யோசிக்கத் தெரிந்த நாற்பது வயதுக்காரரை எளிதில் வீழ்த்திவிடுகிறார். அப்படியானால் இதைத் தட்டச்சுப் போட்டி என்று அழைக்காமல் வியூக விளையாட்டு என்று ஏன் அழைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்பதே இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது தவறான பதில் இல்லை. ஆனால் எது எங்கே வேலை செய்கிறது என்பதை அது சொல்வதில்லை.

நிமிடத்திற்கு முந்நூறு செயல்கள்

ஆட்டக்காரரின் வேகத்தை ‘நிமிடத்திற்கு எத்தனை செயல்கள்’ என்று அளப்பார்கள். ஏ.பி.எம். என்ற சுருக்கப் பெயரே புழக்கத்தில் உள்ளது. சுட்டியின் ஒவ்வொரு சொடுக்கும் விசைப்பலகையின் ஒவ்வொரு அழுத்தமும் ஒரு செயல். ஸ்டார்கிராஃப்ட் தொழில்முறை வீரர்கள் 300ஐத் தாண்டுவது சாதாரணம். புதியவர்களின் எண்ணிக்கை இதில் கால் பங்குகூட இராது.

இந்த எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் குற்றச்சாட்டின் ஒரு பாதி ஆட்டம் காண்கிறது. நிமிடத்திற்கு 300 என்றால் விநாடிக்கு 5; ஒரு செயலுக்கு 200 மில்லிவிநாடி. திரையில் ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்ற மிக எளிய சோதனையிலேயே மனிதருக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரமோ, அதற்குச் சற்று மேலோ ஆகிறது. திரையில் நடப்பதைப் பார்த்து, புரிந்துகொண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிறகு கையை அசைப்பதற்கு இன்னும் கூடுதலாகும். ஆகவே அந்த 300 செயல்களும் கண் முன் நடந்தவற்றுக்கான எதிர்வினைகளாக இருக்க வழியில்லை. அவற்றுள் பெரும்பாலானவை முன்பே தீர்மானிக்கப்பட்டு, ஒத்திகை பார்க்கப்பட்டு, கோவையாக வெளிவருபவை. தளத்துக்குப் போ, தொழிலாளிக்கு உத்தரவு கொடு, படைமுகாமைத் தேர்ந்தெடு, வீரர்களை வரிசையில் போடு, போர்முனைக்குத் திரும்பு என்பது ஐந்து முடிவுகள் அல்ல, ஒரே முடிவு. தேர்ந்த தட்டச்சாளர் எழுத்து எழுத்தாகத் தேடாமல் சொல் சொல்லாக அடிப்பதைப் போன்றது இது. (ஆட்டத்தின் முதல் நிமிடத்தில் செய்வதற்கு வேலையே இல்லாதபோதும் விரல்களைச் சூடேற்ற வீணாகச் சொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஏ.பி.எம். எண்ணைப் பார்த்து வாயைப் பிளப்பதற்கு முன் அதையும் கழித்துக்கொள்வது நல்லது.)

உண்மையான அனிச்சை தேவைப்படும் கணங்களும் இருக்கின்றன. ‘ஸ்டார்கிராஃப்ட் 2’இல் பேன்லிங் என்னும் உயிரி உருண்டு வந்து வெடிக்கும். நெருக்கமாக நிற்கும் மரீன் படை அந்த வெடிப்பில் மொத்தமாகக் கரைந்துவிடும். ஓரிரு விநாடிக்குள் படையைப் பல திசைகளில் பிரிக்க வேண்டும். பார்வையாளர்கள் கைதட்டுவது இந்தக் காட்சிக்குத்தான். ஆனால் எதிரி பேன்லிங் தயாரிக்கிறார் என்பதை இரண்டு நிமிடம் முன்பே உளவு பார்த்தவர், படையைப் பிரித்து நிறுத்திய பிறகே களத்துக்கு வருவார். அவருக்கு அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது குறைவு. திட்டம் பிசகிய இடத்தில் கடைசி நிமிடத்தில் கைகொடுப்பதே பல நேரங்களில் அனிச்சையின் வேலை.

ஆட்டம் தொடங்கும் முன்பே

திட்டம் பெரும்பாலும் ஆட்டத்துக்குள் உருவாவதில்லை என்பதும் இந்த விவாதத்தில் மறக்கப்படுகிறது. எத்தனையாவது தொழிலாளிக்குப் பிறகு எந்தக் கட்டடம் என்ற கட்டுமான வரிசை முதல் நாளே முடிவாகிவிடுகிறது. பழைய ஸ்டார்கிராஃப்டில் ஸெர்க் இனத்தை ஆடுபவர் 12 தொழிலாளிகள் வரை காத்திருந்து இரண்டாம் தளம் போடலாம். அல்லது ஒன்பதாவதிலேயே தாக்குதலுக்கான கட்டடத்தைப் போடலாம். முன்னது செல்வம், பின்னது ஆபத்து. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் முன்பே, கல்–காகிதம்–கத்தரி போல, ஒருவருக்குச் சாதகம் அமைந்துவிடுகிறது.

2004இல் நடந்த எவர் ஸ்டார்லீக் அரையிறுதி இதற்கு மறக்க முடியாத எடுத்துக்காட்டு. ‘பாக்ஸர்’ என அறியப்பட்ட லிம் யோ-ஹ்வான், ‘யெல்லோ’ என அறியப்பட்ட ஹாங் ஜின்-ஹோவை எதிர்கொண்டார். முதல் ஆட்டத்தில் லிம் தொடக்கத்திலேயே மரீன்களையும் தொழிலாளிகளையும் அழைத்துச் சென்று, எதிரியின் இரண்டாம் தளத்தருகே பதுங்குகுழி கட்டி வென்றார். இரண்டாம் ஆட்டத்திலும் அதையே செய்தார். இருமுறை ஒரே தந்திரத்தைச் செய்தவர் மூன்றாம் முறை மாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அவர் மூன்றாம் முறையும் அதையே செய்து 3–0 என இறுதிக்குச் சென்றார். இவ்வளவு சீக்கிரம் முடிந்ததே என்று ரசிகர்களில் பலர் கோபப்பட்டார்கள். லிம் கைத்திறனுக்குப் பேர் போனவர்; பதுங்குகுழி கட்டி முடியும் வரை மரீன்களைக் காப்பாற்ற அந்தத் திறன் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் மூன்றாம் ஆட்டத்தை வென்றது எதிரியின் மனத்தைப் பற்றிய ஒரு ஊகம். அது விரலில் இல்லை.

இயந்திரம் ஆடியபோது

இந்த விவாதத்துக்கு ஆய்வுக்கூடச் சோதனை போல அமைந்தது ஆல்ஃபாஸ்டார். கூகுளின் துணை நிறுவனமான டீப்மைண்ட் உருவாக்கிய இந்தச் செயற்கை நுண்ணறிவு, ஸ்டார்கிராஃப்ட் 2 வீரர்களான டிஎல்ஓ, மானா ஆகிய இருவரையும் தலா 5–0 என வென்றிருந்தது. 2019 ஜனவரி 24 அன்று அந்த ஆட்டங்கள் நேரலையில் காட்டப்பட்டன.

நிறுவனம் வெளியிட்ட புள்ளிவிவரம் முதல் பார்வைக்கு வியப்பூட்டியது. இயந்திரத்தின் சராசரி வேகம் நிமிடத்திற்கு 280 செயல்களுக்கு அருகில். மானாவின் வேகம் 390. வேகம் குறைந்தவர் வென்றார், எனவே இது யோசனையின் வெற்றி என்று சொல்லத் தோன்றும். ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணமும் இருந்தது. சராசரி குறைவாக இருந்தாலும், சண்டை மூளும் சில விநாடிகளில் இயந்திரத்தின் வேகம் எந்த மனிதரும் எட்ட முடியாத உயரத்துக்குப் பாய்ந்தது. அதன் சொடுக்குகளில் வீண் என்பதும் மிகக் குறைவு. ஸ்டாக்கர் என்னும் படைப்பிரிவு சிறு தொலைவை ஒரே கணத்தில் தாவக்கூடியது. அடிபட்டுச் சாகப்போகும் ஒவ்வொரு ஸ்டாக்கரையும் இயந்திரம் கடைசிக் கணத்தில் பின்னால் தாவச் செய்தது. அதுவும் ஒரே நேரத்தில் மூன்று திசைகளிலிருந்து சூழ்ந்துகொண்டு. ஸ்டாக்கரை முறியடிக்க இம்மார்ட்டல் படையே சரியான தேர்வு என்பது மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் ஆடிக் கண்ட பாடம். மானா அந்தத் தேர்வைச் சரியாகவே செய்தார், ஆனாலும் தோற்றார். போதுமான கைத்திறன் இருந்தால் தவறான படையும் வெல்லும் என்றால், திட்டத்தின் மதிப்பு என்ன என்ற கேள்வி நியாயமானதே.

ஆனால் கைவேகத்தை மட்டும் பார்த்தால் இன்னொரு வேறுபாடு கண்ணில் படாமல் போகும். அந்தப் பத்து ஆட்டங்களிலும் இயந்திரம், தான் பார்க்க அனுமதியுள்ள வரைபடப் பகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தது. மனிதர் திரையை இங்கும் அங்கும் நகர்த்தியே பார்க்க வேண்டும். மனிதரின் 390 செயல்களில் கணிசமான பங்கு பார்வையை நகர்த்துவதற்கே செலவாகிறது. மூன்று முனைகளில் ஒரே நேரத்தில் போரிட இயந்திரத்துக்குத் தேவைப்படாத ஒன்று மனிதருக்குத் தேவைப்பட்டது. அதன் பெயர் கவனம்.

அதே நாளில் நேரலையில் நடந்த பதினோராவது ஆட்டத்தில், மனிதரைப் போலத் திரையை நகர்த்திப் பார்க்கும் புதிய பதிப்பு மானாவை எதிர்கொண்டது. மானா ஒரு வார்ப் பிரிசம் வண்டியில் இம்மார்ட்டல்களை ஏற்றிச் சென்று எதிரியின் தளத்தின் பின்புறத்தில் இறக்கினார். இயந்திரம் தாக்கக் கிளம்பிய பெரும்படையை அப்படியே திருப்பி அழைத்தது. மானா வண்டியில் ஏற்றிக்கொண்டு விலகினார். படை மீண்டும் புறப்பட்டதும் மீண்டும் இறக்கினார். இது திரும்பத் திரும்ப நடந்தது. ஒவ்வொரு முறையும் முழுப் படையும் வீடு திரும்பியது. அதற்குள் மானா தன் படையைப் பெருக்கிக்கொண்டு சென்று ஆட்டத்தை முடித்தார். அந்தப் பதிப்புக்கு ஒரு வாரப் பயிற்சிதான் கிடைத்திருந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இருந்தாலும், தளத்தில் நாலு காவலரை விட்டுவிட்டு மற்றவர்கள் போகலாம் என்ற சாதாரண முடிவு அவ்வளவு நுட்பமான கைக்கு எட்டவில்லை.

பின்னர் டீப்மைண்ட் தானே வரம்பை இறுக்கியது. 5 விநாடிக்கு அதிகபட்சம் 22 செயல்கள், திரை வழியே மட்டும் பார்வை. 2019 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரையின்படி, இந்தக் கட்டுப்பாடுகளுடனேயே மூன்று இனங்களிலும் அது கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டி, இணையத் தரவரிசையில் 99.8 விழுக்காட்டினரை விட மேலே நின்றது. மனிதர்களின் வேகத்துக்குள் கட்டிவைத்தாலும் நல்ல முடிவுகள் வெல்லும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று இத்துறையில் இல்லை.

குற்றச்சாட்டு பலிக்கும் இடம்

ஆயினும் குறைகூறுபவர்கள் முழுவதும் பிழைபட்டவர்கள் அல்ல. வேகத்தில் ஒரு பகுதி ஆட்டத்தின் இயல்பிலிருந்து வருவது. இன்னொரு பகுதி இடைமுகத்தின் கஞ்சத்தனத்திலிருந்து வருவது. 1995இல் வந்த ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ சுட்டியை இழுத்து வேண்டிய அளவு படையைத் தேர்ந்தெடுக்க விட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஸ்டார்கிராஃப்ட் ஒரு நேரத்தில் 12 பேருக்கு மேல் தேர்ந்தெடுக்க விடவில்லை. ஆகவே அந்த வரம்பைக் காலத்தின் தொழில்நுட்பக் குறை என்று தள்ளிவிட முடியாது. அதில் புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் வேலைக்குப் போகச் சொல்லும் வரை சும்மா நிற்பார். பத்துப் படைமுகாம் இருந்தால் பத்தையும் தனித்தனியே சொடுக்க வேண்டும். தொழிலாளியைக் கனிமத்துக்கு அனுப்புவதில் என்ன முடிவு இருக்கிறது? அனுப்பாமல் இருக்க எவருக்கும் காரணம் கிடையாது. தேர்வே இல்லாத இடத்தில் செலவாகும் உழைப்பை வியூகம் என்று கொண்டாடுவது வீம்பு.

இதற்கு எதிர்வாதமும் உண்டு: அந்த உழைப்பு கவனத்தைப் பிய்த்தெடுப்பதால்தான் போர்முனையா, தளமா என்ற தேர்வு உயிர்பெறுகிறது. வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் அந்த இழுபறியை உண்டாக்க வெறும் கூலிவேலைதான் வழியா? 2010இல் வெளியான ஸ்டார்கிராஃப்ட் 2 பழைய கூலிவேலைகளைப் பெரும்பாலும் நீக்கியது. கூடவே சில விநாடிகளுக்கு ஒருமுறை தளத்துக்குத் திரும்பச் செய்யும் புதிய வேலைகளைச் சேர்த்தது. 2015இல் அடுத்த விரிவாக்கத்தின் சோதனைப் பதிப்பில் பிளிஸார்ட் அவற்றையும் குறைத்துப் பார்த்தது. ஆட்டக்காரர்களிடையே எழுந்த சர்ச்சைக்குப் பின் மாற்றங்களுடன் மீண்டும் கொண்டுவந்தது. வடிவமைத்தவர்களுக்கே எல்லை எங்கே என்பது தெளிவில்லை.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ தந்த விடை எளிமையானது. 1999இல் வந்த மூல ஆட்டத்தில் விளைச்சல் தீர்ந்த வயலை ஒவ்வொரு முறையும் கையால் மீண்டும் போட வேண்டும். 2019இன் மறுபதிப்பில் வயல் தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதி வந்தது. திறமைக்கு மதிப்பு போய்விடும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சிலர் அஞ்சினார்கள். அப்படி நடக்கவில்லை. முன்பு முன்னணியில் இருந்த நோர்வே வீரர் ‘தி வைப்பர்’ பின்பும் முன்னணியிலேயே இருந்தார். குறைந்தது சலிப்பு மட்டுமே.

புதியவர்களுக்கு இதனால் ஏற்படும் இழப்பு சிறிதல்ல. வியூகத்தை நம்பி வரும் மாணவருக்கு அனுபவசாலிகள் தரும் முதல் அறிவுரை, வியூகத்தை மறந்துவிட்டுத் தொழிலாளிகளை விடாமல் தயாரி, சேரும் கனிமத்தைச் செலவழி என்பதே. அறிவுரை சரியானது, அதனாலேயே அது ஆட்டத்தின் மீதான புகாராகவும் ஆகிறது. ‘வார்கிராஃப்ட் 3’இன் வரைபடம் ஒன்றாகத் தொடங்கிய ‘டோட்டா’, 2009இல் வந்த ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆகியவை ஆளுக்கு ஒரு வீரன் போதும் என்றன. அனிச்சையின் தேவையை அவை குறைக்கவில்லை, தளம் பராமரிக்கும் வேலையை மட்டும் எடுத்தெறிந்தன. கூட்டம் அங்கே போனது. விரட்டியது வேகம் அல்ல, கவனச் சிதறல் என்பதற்கு இதுவும் ஒரு குறிப்பு.

வயது பற்றிய பேச்சுக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டக்காரர்களின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். புதிய காட்சி ஒன்றைப் பார்த்ததிலிருந்து முதல் செயலைச் செய்வது வரையிலான நேரம் 24 வயதிலிருந்தே நீளத் தொடங்குகிறது என்று அவர்கள் கண்டனர். தலைப்புச் செய்திகள் அதோடு நின்றுவிட்டன. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: ஒரே தரநிலையில் இளையவர்களோடு சமமாக ஆடிக்கொண்டிருந்த மூத்தவர்கள், குறுக்குவிசைகளையும் எளிய உத்திகளையும் கையாண்டு, இழந்த மில்லிவிநாடிகளை வேறு வழியில் ஈடுசெய்துகொண்டிருந்தார்கள்.