ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு எத்தனை லிட்டர்?

காபியில் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர். ஆய்வாளர்கள் மெகோனன், ஹூக்ஸ்ட்ரா இருவரும் 2011இல் வெளியிட்ட உலகச் சராசரி அப்படித்தான் சொல்கிறது: கிலோவுக்குச் சுமார் 1,780 லிட்டர். பருத்திச் சட்டை ஒன்றுக்கு 2,500 லிட்டர். இந்த எண்களை மட்டும் பார்த்தால், பருத்திதான் பெரிய குற்றவாளி. பெரம்பலூர் மாவட்டத்தில் இந்தத் தீர்ப்பு நிற்காது.

இம்மாவட்டத்தின் எறையூரில் அரசின் சர்க்கரை ஆலை 1970களின் பிற்பகுதியிலிருந்து இயங்குகிறது. தண்ணீரை விழுங்குவது ஆலை என்று பலரும் நினைக்கிறார்கள். கரும்பின் எடையில் ஏறக்குறைய 70 விழுக்காடு தண்ணீர். சாறு காய்ச்சும்போது எழும் ஆவியைக் குளிரவைத்தே ஆலை தன் தேவையில் பெரும்பங்கை ஈடுகட்ட முடியும். செலவெல்லாம் வயலில்தான். கரும்புக்கு ஓர் ஆண்டில் ஏறத்தாழ 2,000 மி.மீ. தண்ணீர் வேண்டும். இங்கே பெய்யும் சராசரி மழை 900 மி.மீ.கூட எட்டுவதில்லை. துண்டுவிழுவதை ஒரு மீட்டர் என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர் கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் வரவேண்டும். ஏக்கருக்கு 40 டன் மகசூல், ஒன்பது விழுக்காடு சர்க்கரைக் கட்டுமானம் (கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரை) என்றால், ஒரு கிலோ சர்க்கரைக்கு 1,100 லிட்டர் நிலத்தடி நீர்.

பருத்தியும் மக்காச்சோளமும் இங்கே பெரும்பாலும் மானாவாரி. கரிசல் பிடித்துவைத்த மழையில் விளைபவை. லிட்டர் கணக்கில் பெரிதாகத் தெரிந்தாலும் கிணற்று மட்டத்தை இறக்காதவை. அதற்காகப் பருத்தியைக் குற்றமற்றது என்று விட்டுவிடவும் முடியாது. 2017இல் பருத்திக்கு மருந்தடித்த பெரம்பலூர் விவசாயிகள் சிலர் உயிரிழந்தார்கள். அந்த நஞ்சை நீர்த்துப்போகச் செய்யத் தேவைப்படும் தண்ணீரும் கணக்கில் சேரவேண்டியதே. ஆக, மழைநீர், நிலத்தடி நீர், மாசு மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது பயனற்றது மட்டுமல்ல, திசைதிருப்புவதும்கூட.

கரும்பு போடுகிறவரைக் குறைசொல்வது எளிது. அறிவித்த விலையும் வாங்க ஓர் ஆலையும் உள்ள பயிர் வேறெது? (அந்த விலை கைக்கு வந்துசேரும் தாமதம் தனிக்கதை.) 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், இறைக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் அவருக்குச் செலவு பூஜ்யம். அப்படியிருக்க, நகரத்தில் ஒருவர் காபியில் சர்க்கரையைக் குறைப்பதால் எறையூர்க் கிணற்றில் ஓர் அடி நீரும் ஏறாது.

சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு நூறு விழுக்காடு மானியம் இருக்கிறது. தோகையைக் கொளுத்தாமல் பார்களுக்கு இடையே பரப்பினாலும் ஈரம் நிற்கும். ஆனால் மிச்சமான தண்ணீரில் இன்னும் அரை ஏக்கர் கரும்பு நட்டால் எல்லாம் வீண். எனவே ஆலை கரும்பைப் பதிவு செய்யும்போதே சொட்டுநீரையும் பரப்பு வரம்பையும் நிபந்தனையாக்க வேண்டும். பதிவேடும் வெட்டு உத்தரவும் அதன் கையில்தானே இருக்கின்றன.