அரிதாசனா, குணாளனா?

நவம்பர் முதல் நாள் அனைத்துப் புனிதர் பெருவிழா. மறுநாள் கல்லறைத் திருநாள். திருச்சிராப்பள்ளியில் நம் குடும்பங்கள் மலரும் மெழுகுதிரியும் ஏந்திக் கல்லறைத் தோட்டங்களுக்குச் செல்லும் அந்நாள்களிலேயே, சங்கிலியாண்டபுரத்திலுள்ள ஒரு நினைவிடத்தையும் அன்பர்கள் நினைத்துக்கொள்கின்றனர். 1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தம் 49ஆம் வயதில் மறைந்த எம். கே. தியாகராஜ பாகவதரின் நினைவிடம் அது. அவர் மறைந்த பின் பிறந்தவர்களும் அவர் பாடல்களை முணுமுணுக்கின்றனர். இந்த அன்பின் வேர் எது என்று எண்ணிப் பார்ப்பது தகும்.

மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த அச்சிறுவனை, எஃப். ஜி. நடேச ஐயர் தம் ரசிக ரஞ்சன சபையின் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். ஒலிபெருக்கியில்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டவேண்டிய குரல் அது. 1934இல் 'பவளக்கொடி'யின் வழியாகத் திரைக்கு வந்தபோதும் அந்த எட்டுப் பண்பு குறையவில்லை. பாபநாசம் சிவனின் பாடல்களைப் பாடியபோது, சபாக்களுக்குள் நுழைய வாய்ப்பில்லாத எளியோரின் செவிக்கும் இராகங்கள் இசைத்தட்டின் மூன்று நிமிடங்களுக்குள் அடங்கி வந்து சேர்ந்தன. நடிப்பில் அவர் பெரியவர் என்று நாம் சொல்லமாட்டோம். கதை நின்றுவிட, பாட்டுத்தான் படத்தை நடத்திச் செல்கின்றது. ஆயினும் சொல் சிதையாமல் பொருள் விளங்கப் பாடிய நேர்மையை எவரும் மறுக்க இயலாது.

குரலோடு கதையும் சேர்ந்தது. காவிரியைக் கடந்து திருவரங்கம் சென்றால், அங்கே பூமாலை தொடுத்துத் தொண்டு செய்த விப்பிரநாராயணரின் வரலாறு இன்றும் பேசப்படுகின்றது. தேவதேவி என்னும் கணிகையிடம் மனம் இழந்து, மீண்டும் அரங்கனிடம் திரும்பித் தொண்டரடிப்பொடியாழ்வாராக உயர்ந்தவர் அவர். இத்தகைய கதையில் தோய்ந்த மண்ணுக்கு 1937இன் 'சிந்தாமணி'யும் 1944இன் 'ஹரிதா'ஸும் அயலானவை அல்ல. பெற்றோரைப் புறக்கணித்து, கால்களை இழந்து, மனம் வருந்தித் திரும்பும் அரிதாசனைக் காணும்போது, நமக்கோ ஊதாரி மைந்தன் உவமை நினைவுக்கு வருகின்றது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகின்றது. 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1945இல் தண்டனையும் பெற்றார். திரையில் அவர் மனந்திரும்பிப் பாடுவதைக் கண்டு மக்கள் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தபோது, பாடியவர் சிறையில் இருந்தார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கில், 1947இல் சென்னை உயர்நீதிமன்றம் அவரையும் என். எஸ். கிருஷ்ணனையும் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. பின் வந்த படங்களுக்குப் பழைய வரவேற்பு இல்லை.

அன்பர்கள் பலர் திரைக்கதையையும் வாழ்க்கையையும் ஒன்றாக்கிவிட்டனர். செருக்குற்றார், இறைவன் தண்டித்தார், அரிதாசனின் கதையே அவர் கதையாயிற்று என்கின்றனர். பரிவோடுதான் சொல்கின்றனர்; ஆயினும் இது அநீதி. நீதிமன்றம் விடுவித்த ஒருவரைக் கதை இன்னும் சிறையில் வைத்திருக்கின்றது. யோபுவின் நண்பர்களும் இப்படித்தான் பேசினார்கள். பிறவிப் பார்வையற்றவரைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியபோது, அக்கேள்வியையே ஏற்க மறுத்தார் நம் ஆண்டவர்.

பாகவதரின் வாழ்வுக்கு அவர் படங்களிலேயே ஓர் உவமை வேண்டுமெனில், 1941இல் வந்த 'அசோக் குமார்' படத்தை நாம் காட்டுவோம். மாற்றாந்தாயின் தகாத விருப்பத்திற்கு இணங்காத இளவரசன் குணாளன், அவள் சுமத்திய பொய்ப்பழியால் கண்களை இழக்கின்றான். போத்திபாரின் மனைவியால் பழிசுமத்தப்பட்டுச் சிறை புகுந்த யோசேப்பை அறிந்த நமக்கு இக்கதை புதிதன்று. பாவியின் மனமாற்றத்தைக் கண்டு உருகுவது எளிது. குற்றமற்றவரின் துன்பத்தைக் காரணம் கற்பிக்காமல் ஏற்பது கடினம். அதனால்தான் மக்கள் மனம் குணாளனை விட்டு அரிதாசனைப் பற்றிக்கொண்டது போலும்.

அரசு இன்று திருச்சியில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. கல்லால் செய்யும் மரியாதை நன்று. சொல்லால் செய்யவேண்டிய மரியாதை ஒன்றும் உண்டு. கல்லறைத் திருநாளில் நாம் இறந்தோரின் கணக்கைத் தீர்ப்பதில்லை; அவர்களை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கின்றோம். அவ்வாறே அந்தக் குரலையும் பாடமாக்காமல் பாட்டாகவே கேட்போம். நம் அன்பு அவருக்குச் செலுத்தவேண்டிய நீதி அதுவே.