அசையுதா பாருங்க!

வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன்னால் கார் கொட்டகைக்கு இழுத்துப் போய்விடுகிறேன். "தள்ளிப் பாருங்க" என்கிறேன். தள்ளுகிறார்கள். ம்ஹூம், அசையாது! ஆறடி நீளம், நாலு அங்குல கனம், முழுக்க வேம்பு, நானே கையால் செய்த தச்சு மேசை. என் மனைவி இப்போதெல்லாம் விருந்தாளிகளிடம் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறாள்.

மோட்டார் ரம்பம் கிடையாது. கைரம்பம், இழைப்புளி, ரெண்டு உளி, ஒரு கொட்டாப்புளி, அவ்வளவுதான். இடித்த ஓட்டு வீட்டுச் சட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. கூரையிலேயே வருஷக்கணக்கில் காய்ந்த மரம். ஆணி பிடுங்கவே ஒரு ஞாயிறு போயிற்று. கண்ணுக்குத் தப்பிய ஓர் ஆணி இழைப்புளியின் வாயைக் கடித்தது தனிக்கதை.

எங்கள் தெரு ஆசாரி பார்த்துவிட்டுச் சிரித்தார். "தரையில உக்காந்து காலால மரத்தைப் புடிச்சா முடிஞ்சுது சார், இதுக்கு எதுக்கு மேசை?" அவருக்குச் சரி. என் முட்டி அதற்கு ஒத்துழைக்காது. நான் பிடித்துக்கொண்டது ஆந்த்ரே ரூபோவை. பாரிஸில் தச்சராகவே இருந்து, 1769 முதல் தச்சுக்கலை பற்றித் தொகுதி தொகுதியாக எழுதிய மனிதர். அவர் வரைந்த மேசையில் முன்கால்களின் முகமும் பலகையின் விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்கும். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கதவுப் பலகை ஒன்றை நெட்டுக்குத்தாக நிறுத்தி விளிம்பை இழைத்துப் பாருங்கள். மேலே பலகை, கீழே கால், இரண்டும் சேர்ந்து அணைத்துக்கொள்ளும்!

ஆனால் எனக்குப் பைத்தியம் பிடித்தது கால்களின் கழுந்தை, அதாவது துளைக்குள் நுழையும் நாக்கை, பூட்டும்போதுதான். குறுக்கே முளை, அதாவது மர ஆணி, அடிக்கும் துளைகள் நேருக்கு நேர் இருக்கக்கூடாது. கழுந்தில் உள்ள துளை அரை நூல் தள்ளி இருக்க வேண்டும். முளை வளைந்து நெளிந்து உள்ளே நுழையும்போது கழுந்தைத் தானே இழுத்துக்கொண்டு போகும். கடைசி அடியில் 'க்ரீச்' என்று சந்து மூடிக்கொண்டது பாருங்கள், நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கால்களுக்குப் பசை ஒரு சொட்டுகூட இல்லை.

மேல்பலகைதான் வாட்டி எடுத்தது. வேம்பின் நார் மாறி மாறி ஓடும். நெடுக இழைத்தால் பிய்த்துக்கொள்ளும். முதலில் குறுக்கே இழைத்தேன். இரு முனையிலும் ஒவ்வொரு நேர்குச்சியை வைத்து, குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முறுக்கு பளிச்சென்று தெரியும். மூன்று நாள்! தோள்பட்டை கழன்றது. முழங்கால் வரைக்கும் வேப்பஞ்சுருள்.

போன வாரம் ஆசாரி மறுபடி வந்தார். இடுப்பால் ஓர் இடி இடித்தார். அசையவில்லை. ரசமட்டத்தை நான் நீட்டுவதற்குள், உள்ளங்கையால் பலகையைத் தடவிக்கொண்டே போய் ஒரு மூலையில் நின்றார்.

"இங்க ஒரு காகிதக் கனம் ஏறியிருக்கு சார்."

ஏறித்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரியே இழைத்துவிட்டேன்.