பின் ஷாக்கை மாற்றினால் எவ்வளவு சாயலாம்?

வளைவில் பைக் சாயும்போது பெரும்பாலும் முதலில் தரையைத் தொடுவது ஃபுட்ரெஸ்டின் நுனி. சென்னைக்கு அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐ மலைப்பாதையில் விரட்டி ஓட்டுபவர்களின் வண்டியில், அந்த இரும்பு நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளக்கும். இதற்கு மருந்தாகப் பலர் நாடுவது பின் ஷாக் அப்சார்பர்களை மாற்றுவது.

சற்று நீளமான ஷாக் போட்டால் வண்டி உயரும், உரசல் நிற்கும் என்பது பரவலான கணக்கு. அது பாதிதான் சரி. வண்டியின் பின்பகுதி 10 மி.மீ. உயர்ந்தாலும், இரு சக்கரங்களுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும் ஃபுட்ரெஸ்டுக்குக் கிடைப்பது ஐந்தாறு மி.மீ.தான். கூடவே, சக்கரங்களுக்கிடையே சுமார் 1,400 மி.மீ. உள்ள இந்த வண்டியில் முன் ஃபோர்க் 0.4 டிகிரி அளவு நிமிர்கிறது. ஹேண்டில் சட்டென்று திரும்பும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அது சுகம். நெடுஞ்சாலை வேகத்தில் அதுவே அலைபாய்ச்சலாகலாம்.

உண்மையான ஆதாயம் ஸ்பிரிங்கிலும் டேம்பிங்கிலும் இருக்கிறது. 40 டிகிரி சாய்ந்து வளையும்போது சஸ்பென்ஷன் தாங்கும் சுமை சுமார் 30 சதவீதம் கூடுகிறது. இன்டர்செப்டரின் பின் சக்கரம் மேலும் கீழும் அசைய இருப்பதோ 88 மி.மீ. ஓட்டுபவரின் எடைக்கு ஸ்பிரிங் மெலிவாக இருந்தால் அதில் பெரும்பகுதி வளைவுக்குள் நுழையும்போதே தீர்ந்துவிடும். நடுவில் ஒரு பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்டு சாலையைக் கீறும். அமுங்கிய ஸ்பிரிங் விருட்டென்று எழாமல் அடக்குவது ரீபவுண்டு டேம்பிங். அது குறைந்தால் பின்பக்கம் துள்ளும். மிகுந்தாலும் வம்புதான்: அடுத்தடுத்த பள்ளங்களில் மீண்டெழ நேரமில்லாமல் வண்டி தாழ்ந்துகொண்டே போய், ஷாக் மாற்றிச் சம்பாதித்த தரை இடைவெளியையே தின்றுவிடும்.

ஸ்பிரிங்கை முன்கூட்டியே சற்று அமுக்கிவைக்கும் ப்ரீலோடு வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. மாறுவது வண்டி நிற்கும் உயரம்தான்; ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். ஓட்டுபவர் உட்கார்ந்ததும் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு, இங்கே 30 மி.மீ. அளவு, அமுங்குவது பொதுவான இலக்கு. அளக்க ஒரு டேப்பும் வண்டியைப் பிடிக்க ஓர் ஆளும் போதும். 70 கிலோ ஆளுக்கான ஸ்பிரிங்கில் 100 கிலோ ஆள் உட்கார்ந்தால், எத்தனை விலை கொடுத்த ஷாக்கும் பழையதன் தவறையே செய்யும்.

நீளம் கூடுவதால் வரும் தொல்லைகள் வண்டியை நிறுத்தும்போது தெரியும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும். சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் பின் சக்கரம் தரையை விடாமல் போகலாம். அப்போது செயினுக்கு எண்ணெய் விடச் சக்கரத்தைச் சுற்ற முடியாது. 804 மி.மீ. இருக்கை இன்னும் உயர்வது குட்டையானவர்களுக்குச் சிக்னலில் உறைக்கும். ஓட்டத்திலும் ஒன்று மிச்சமிருக்கிறது. பின்பக்கம் திருந்தியதும் முன் ஃபோர்க்கின் குறை வெளிப்படும். பிரேக் பிடித்து வளைவில் நுழைகையில் அது குனிந்தால், உயர்த்திய இடைவெளி அங்கேயே குறைந்துவிடும். ஃபோர்க் ஸ்பிரிங்கையும் எடைக்கேற்ப மாற்றும் வரை வேலை பாதிதான். உரசுவது ஃபுட்ரெஸ்டு அல்ல, சென்டர் ஸ்டாண்டு என்றால், அதைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும்; அந்தக் காரியத்துக்கு ஷாக் மாற்றத் தேவையே இல்லை.